ஓட்டை அட்டை முதல் ஒளிரும் திரை வரை
(ஜோசப் மேரி ஜக்கார்டின் வாழ்க்கை)



காஞ்சிப் பட்டைப் பார்க்காத வீடு நம் பக்கத்தில் உண்டா? ஸ்ரீபெரும்புதூரில் பஸ் ஏறினால் சுங்குவார்சத்திரம் தாண்டி அடுத்த பெரிய ஊர் காஞ்சிபுரம்தான். அந்தப் புடவையின் கரையில் மயிலும் அன்னமும் கோபுரமும் வரிசை பிசகாமல் ஓடுகின்றனவே, அது எப்படி? தறிக்கு மேலே ஒரு பெட்டி இருக்கும். ஓட்டை போட்ட அட்டைகள் அதிலிருந்து மாலை மாலையாகத் தொங்கும். நெசவாளர்கள் அதை ஜக்கார்டு பெட்டி என்பார்கள். தினமும் வாயில் வருகிற அந்தச் சொல் ஒரு மனிதரின் பெயர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

பட்டு நெய்கிறவருக்கும், டிப்ளமோ படித்துவிட்டு ஒரகடத்தில் டச் ஸ்கிரீன் முன்னால் நிற்கப் போகிற நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. இன்று செல்போன் திரையையும், கார் டேஷ்போர்டையும், ஆலையின் இயந்திரப் பேனலையும் உருவாக்குகிற மார்க்-அப் மொழிகளின் அடிப்படை எண்ணத்தை, இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அட்டையில் குத்தி ஓடவிட்டவர் இவர். என்ன வேண்டும் என்பதைத் தனியாக எழுதி வை, எப்படிச் செய்வது என்பதை இயந்திரம் பார்த்துக்கொள்ளட்டும். அந்த எண்ணம் இவ்வளவுதான். அதற்குப் பின்னால் ஒரு மனிதனின் துயரமான, ஆனால் தோற்காத வாழ்க்கை இருக்கிறது.

பதின்மூன்று வயதில் எழுத்து

பிரான்ஸ் நாட்டில் லியோன் என்று ஒரு நகரம். நமக்குக் காஞ்சிபுரம் எப்படியோ, அவர்களுக்கு லியோன் அப்படி. 1752-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் தேதி ஜோசப் மேரி ஜக்கார்டு அங்கே பிறந்தார். தந்தை சொந்தத் தறி வைத்திருந்த நெசவாளர். தாயாருக்கும் நெசவுத் தொழிலில்தான் வேலை. வரைந்த டிசைனைப் படித்து, எந்த வரிசைக்கு எந்த நூல் மேலே வர வேண்டும் என்று பிரித்துக் கொடுப்பவர் அவர். மகன் பிற்காலத்தில் இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்தது தாயார் செய்த இந்த வேலையைத்தான் என்று சொன்னாலும் தகும்.

அந்த வீட்டில் பிறந்த ஒன்பது பிள்ளைகளில் பெரியவர்களாகி வாழ்ந்தவர்கள் இரண்டே பேர், ஜோசப்பும் அவருடைய சகோதரி கிளெமன்ஸும். ஜோசப்புக்குப் பத்து வயது ஆனபோது தாயார் காலமானார். பையன் பள்ளிக்கூடம் போகவில்லை. பதின்மூன்று வயது வரை எழுதப் படிக்கத் தெரியாது. சகோதரியின் கணவர் பாரே அச்சகமும் புத்தக வியாபாரமும் நடத்தியவர். அவர்தான் பையனை உட்கார வைத்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். 1772-இல் தந்தையும் மறைந்தார்.

அக்காலத் தறியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். தறியில் நீளவாக்கில் ஓடுவது பாவு, குறுக்கே போவது ஊடை. சாதாரணத் துணிக்கு மிதியை மிதித்தால் பாவில் பாதி நூல் மேலே போகும், நாடா குறுக்கே ஓடும். பூ வேண்டும் என்றால் அது போதாது. ஒவ்வொரு ஊடைக்கும் வேறு வேறு நூல்களை மேலே தூக்க வேண்டும். அதற்காகவே தறியில் இன்னொரு ஆள் இருப்பார், பெரும்பாலும் ஒரு சிறுவன் அல்லது ஒரு பெண். நெசவாளர் சொல்லச் சொல்ல, குறிப்பிட்ட கயிறுகளைப் பொறுக்கிப் பிடித்து இழுத்து நிற்க வேண்டும். நாள் முழுக்க இதே வேலை. கயிற்றில் தொங்கும் பாரத்தையும் சேர்த்து இழுத்தால் அந்தச் சின்ன உடம்பு என்னத்துக்கு ஆகும்? ஒரு கயிறு தப்பினாலும் பூவின் இதழ் கோணலாகிவிடும். அதாவது, புடவையின் உருவம் எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை. அது ஒரு சிறுவனின் கையிலும் ஞாபகத்திலும் இருந்தது.

கடனும் போரும்

தந்தை விட்டுப்போன தறிகளும் சொத்தும் ஜக்கார்டு கையில் நிற்கவில்லை. 1778-இல் கிளாடின் என்ற பெண்ணை மணந்தார். அடுத்த ஆண்டு ஒரு மகன் பிறந்தான். ஆனால் வியாபாரம் நொடித்தது, கடன் ஏறியது, வழக்குகள் வந்தன, சொத்துகள் கைமாறின. நாற்பது வயதில், ஊர் கண்ணுக்கு அவர் உருப்படாமல் போன மனிதர்.

அந்த நேரத்தில் பிரெஞ்சுப் புரட்சி வந்தது. 1793-இல் புரட்சி அரசின் படை லியோனை முற்றுகையிட்டது. ஊரைக் காக்க நின்றவர்களில் ஜக்கார்டும் அவருடைய மகனும் இருந்தார்கள். ஊர் விழுந்தது. அப்பாவும் பிள்ளையும் தப்பி ஓடி, வேறு வழியில்லாமல் புரட்சிப் படையிலேயே சேர்ந்தார்கள். அந்தப் போரில் மகன் இறந்தான். ஒரே பிள்ளை. ஜக்கார்டு தனி ஆளாக லியோனுக்குத் திரும்பினார். வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. பணமில்லை, வாரிசும் இல்லை. நம்மில் பலர் ஒரு அரியர் விழுந்தாலே வாழ்க்கை முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். இவர் அந்த வயதில்தான் இயந்திரத்தைக் கையில் எடுத்தார்!

முன்னோர் விட்ட இடம்

1801-இல் பாரிசில் நடந்த தொழிற்பொருட்காட்சியில் அவருடைய மேம்படுத்திய தறிக்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது. பிறகு மீன்வலை பின்னும் இயந்திரம் ஒன்றைச் செய்தார். அதைப் பார்த்துத்தான் அவரைப் பாரிசுக்கு அழைத்தார்கள். அங்கே தொழிற்கலைக் கூடத்தில் பழைய இயந்திரங்களைச் சேர்த்து வைத்திருந்தார்கள். வோக்கன்சன் என்ற பெரும் இயந்திரக் கலைஞர் 1745-இல் செய்து, யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு தறியும் அதில் இருந்தது.

ஓட்டை போட்டு உருவத்தைச் சொல்வது ஜக்கார்டின் சொந்த யோசனை அல்ல. 1725-இலேயே லியோனைச் சேர்ந்த பூஷோன், காகிதச் சுருளில் ஓட்டை போட்டு நூலைத் தேர்ந்தெடுக்கும் வழியைக் கண்டுபிடித்திருந்தார். 1728-இல் ஃபால்கோன் அந்தச் சுருளை எடுத்துவிட்டு, ஒன்றோடொன்று கோத்த அட்டைகளை வைத்தார். கிழிந்தால் ஒரு அட்டையை மட்டும் மாற்றினால் போதும் அல்லவா! வோக்கன்சன், பக்கத்தில் ஆள் இல்லாமல் தறியே தானாகத் தேர்ந்தெடுக்கும்படி செய்து, அந்தக் கருவியைத் தறியின் தலைமேல் ஏற்றினார். மூன்று பேரின் யோசனையும் நல்லதுதான். ஒன்றும் பட்டறையில் நிலைத்து ஓடவில்லை.

ஜக்கார்டு மூன்றையும் ஒன்றாக்கினார். 1804-இல் அவருடைய கருவி உருவானது. பிறகும் அதில் கோளாறுகள் இருந்தன. அட்டையைச் சரியாக நகர்த்தும் பாகத்தைப் பின்னாளில் செம்மைப்படுத்தியவர் பிரெத்தோன் என்ற இன்னொரு கைவினைஞர். ஆக, ஜக்கார்டு பெட்டி என்று ஒருவர் பெயரில் நாம் அழைப்பது குறைந்தது ஐந்து பேரின் உழைப்பு. எல்லாவற்றையும் ஓடுகிற பொருளாகச் சேர்த்துக் கொடுத்ததுதான் அவர் பெருமை. பிராஜெக்ட் செய்கிற நாம் இதை மனதில் வைக்கலாம்.

பெட்டி செய்யும் வேலை

இதைப் புரிந்துகொள்ள மெக்கானிக்கல் மாணவராக இருக்க வேண்டும் என்று இல்லை. ஒவ்வொரு பாவு நூல் கூட்டத்துக்கும் மேலே ஒரு கொக்கி. ஒவ்வொரு கொக்கியையும் பிடித்தபடி படுக்கைவாட்டில் ஒரு ஊசி. நான்கு முகம் கொண்ட ஒரு கட்டை, ஒரு அட்டையைத் தூக்கி வந்து ஊசிகளின் முனையில் அழுத்தும். அட்டையில் ஓட்டை இருக்கிற இடத்தில் ஊசி உள்ளே நுழைந்துவிடும், அதன் கொக்கி நேராக நிற்கும். ஓட்டை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைத் தள்ளும், கொக்கி சாய்ந்துவிடும். இப்போது மேலே போகிற பட்டைகள் நேராக நிற்கிற கொக்கிகளை மட்டும் மாட்டித் தூக்கும். அந்த நூல்கள் மட்டும் மேலே போகும். நாடா ஓடும். கட்டை கால் சுற்று திரும்பும். அடுத்த அட்டை வரும்.

அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று கவனியுங்கள். இழு, நிறுத்து, மறுபடி இழு என்று ஒரு கட்டளையும் அதில் இல்லை. இந்த வரிசையில் இந்த நூல் மேலே, இந்த நூல் கீழே என்று துணி எப்படி இருக்க வேண்டும் என்பது மட்டும் இருக்கிறது. தூக்குவது, தள்ளுவது, திருப்புவது எல்லாம் பெட்டியின் பொறுப்பு. அட்டை மாலையைக் கழற்றி வேறு மாலையை மாட்டினால் அதே தறி மயிலுக்குப் பதில் யானையை நெய்யும். தறியில் கை வைக்க வேண்டியதில்லை. அட்டையில் தப்பான ஓட்டை விழுந்திருந்தால் ஒரு துண்டை ஒட்டி அடைத்துவிட்டு, சரியான இடத்தில் குத்தினால் போதும்.

மரியாதையும் வெறுப்பும்

1805 ஏப்ரலில் நெப்போலியன் லியோனுக்கு வந்தபோது இந்தத் தறியைப் பார்த்தார். கண்டுபிடிப்பு பொதுச் சொத்தாக்கப்பட்டது. யாரும் செய்துகொள்ளலாம். ஜக்கார்டுக்கு ஆண்டுக்கு 3,000 பிராங்க் ஓய்வூதியமும், ஆறு ஆண்டுகளுக்கு ஓடும் ஒவ்வொரு தறிக்கும் 50 பிராங்க்கும் தர ஏற்பாடானது. 1812-இல் பிரான்சில் சுமார் 11,000 ஜக்கார்டு தறிகள் ஓடின.

ஆனால் ஊரில் எல்லோரும் மாலை போடவில்லை. கயிறு இழுத்துப் பிழைத்தவர்களுக்கு வேலை போனது. நெசவாளர்கள் பயந்தார்கள், கோபப்பட்டார்கள். தறியை நடுத்தெருவில் போட்டு எரித்தார்கள் என்றும், அவரையே தாக்க வந்தார்கள் என்றும் கதைகள் உண்டு. அந்தக் கோபத்தை அறியாமை என்று நாம் தள்ளிவிட முடியாது. ஒரு இயந்திரம் வந்து நாளைக்கு வீட்டில் அடுப்பு எரியாது என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

பிறகு லியோனின் பட்டுத் தொழில் பெருகியது. டிசைனைப் படித்து அட்டை குத்துகிறவர், பெட்டியைப் பழுது பார்க்கிறவர் என்று புதுத் தொழில்கள் வந்தன. உயரமான தறிகள் நிற்க வேண்டும் என்பதற்காக, உயர்ந்த கூரை வைத்த வீடுகள் எழுந்தன. ஆனால் கூலிப் பிரச்சினை தீரவில்லை. 1831-லும் 1834-லும் லியோன் நெசவாளர்கள் எழுந்து போராடினார்கள். அவர்கள் கேட்டது நியாயமான நெசவுக் கூலி. தறியை ஒழிக்கச் சொல்லி அவர்கள் எழவில்லை. இயந்திரம் ஊரைப் பணக்கார ஊராக்கும். அந்தப் பணம் யார் கைக்குப் போகும் என்பதை மனிதர்கள்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

1819-இல் ஜக்கார்டுக்கு நாட்டின் உயர்ந்த விருதான லெஜியன் ஆஃப் ஹானர் கிடைத்தது. கடைசிக் காலத்தை லியோனுக்குப் பக்கத்தில் உள்ள ஊலன் என்ற ஊரில் அமைதியாகக் கழித்தார். 1834 ஆகஸ்ட் 7-ஆம் தேதி, 82 வயதில், அங்கேயே காலமானார். 1840-இல் லியோனில் அவருக்குச் சிலை வைத்தார்கள். அதைவிடப் பெரிய மரியாதை 1839-இல் நடந்தது. சுமார் 24,000 அட்டைகளைக் குத்தி, அவருடைய உருவத்தையே பட்டில் நெய்தார்கள். ஓவியமோ என்று பார்த்தவர்கள் மயங்கினார்கள்.

அட்டையின் வம்சம்

அந்தப் பட்டுப் படத்தில் ஒன்றை இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் வாங்கி வைத்திருந்தார். தாம் திட்டமிட்ட கணக்கு இயந்திரத்துக்கு அட்டைகளையே பயன்படுத்த முடிவு செய்தவர் அவர். அந்த இயந்திரத்தைப் பற்றி 1843-இல் எழுதிய அடா லவ்லேஸ் அம்மையார், ஜக்கார்டு தறியோடு அதை ஒப்பிட்டார். 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஹாலரித் ஓட்டை அட்டைகளால் எண்ணி முடித்தார். அவருடைய கம்பெனி வேறு கம்பெனிகளோடு சேர்ந்து, 1924-இல் ஐ.பி.எம். என்று பெயர் பெற்றது.

அதே ஐ.பி.எம்.மில் 1969-இல் கோல்ட்ஃபார்ப், மோஷர், லோரி என்ற மூவர் ஜி.எம்.எல். என்ற மார்க்-அப் மொழியை உருவாக்கினார்கள். இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல் என்று குறி போட்டு வைத்தால் போதும், எந்த எழுத்தில் எங்கே அச்சடிப்பது என்பதை வேறு புரோகிராம் பார்த்துக்கொள்ளும். இதுவே வளர்ந்து 1986-இல் எஸ்.ஜி.எம்.எல். என்ற உலகத் தரமானது. அந்த வழியில் வந்ததுதான் டிம் பெர்னர்ஸ்-லீயின் எச்.டி.எம்.எல். 1998-இல் வந்த எக்ஸ்.எம்.எல்.லும் அதே வம்சம்தான்.

திரையும் ஒரு துணிதான்

டர்போ சி-யில் கிராபிக்ஸ் போட்டுப் பார்த்தவர்களுக்குக் கஷ்டம் தெரியும். ஒரு பட்டன் வரைய இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்குக் கோடு போடு, உள்ளே கலர் அடி, நடுவில் எழுத்தை எழுது என்று ஒவ்வொன்றாகக் கட்டளை கொடுக்க வேண்டும். திரை அளவு மாறினால் போச்சு, எல்லா எண்ணையும் மாற்ற வேண்டும். கயிறு இழுத்த சிறுவனின் வேலைதான் இது!

அறிவிப்பு முறை மார்க்-அப்பில் அப்படி இல்லை. இங்கே ஒரு செங்குத்து அடுக்கு, அதற்குள் ஒரு தலைப்பு, அதன் கீழே நிறுத்து என்று எழுதிய சிவப்புப் பட்டன் என்று விவரத்தை மட்டும் எழுதுகிறோம். வரைவது சிஸ்டத்தின் பொறுப்பு. 2006-இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த எக்ஸ்.ஏ.எம்.எல். இப்படித்தான். 2008-இல் சந்தைக்கு வந்த ஆண்ட்ராய்டு போன்களின் திரை விவரமும் எக்ஸ்.எம்.எல். கோப்புகளில்தான் எழுதப்பட்டது. மவுஸால் இழுத்துப் போட்டு வரைகிறோமே, அப்போதும் அந்தச் சாஃப்ட்வேர் நமக்காக இந்த விவரத்தைத்தான் எழுதுகிறது.

நம்ம ஊருக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-இல் தொடங்கியது. அதே கம்பெனி 2008-இல் நார்வே நாட்டின் டிரோல்டெக்கை வாங்கியது. டிரோல்டெக் க்யூட் என்ற மென்பொருளை உருவாக்கிய கம்பெனி. 2010-இல் க்யூட்டோடு க்யூ.எம்.எல். என்ற அறிவிப்பு மொழி வெளிவந்தது. அதன் எழுத்துமுறை எக்ஸ்.எம்.எல். போல இருக்காது, ஆனால் எண்ணம் அதேதான். 2012-இல் க்யூட் வேறு கம்பெனிக்குக் கைமாறியது. 2014 நவம்பரில் நம்ம ஊர் ஆலை உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கு வேலை போனது. க்யூ.எம்.எல். மட்டும் பிழைத்துக்கொண்டது. இன்று உலகத்தில் பல கார்களின் டேஷ்போர்டு திரைகள் க்யூட்டில் செய்யப்படுகின்றன. லியோனில் நடந்ததேதான் இங்கேயும். ஆலைகள் வரும், போகும். விவரத்தை எழுதவும் படிக்கவும் தெரிந்த திறமை நிற்கும்.

எங்கே பொருந்தாது?

ஒப்பிடுவதற்கும் ஒரு எல்லை உண்டு. ஜக்கார்டு அட்டை ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கை கொக்கிக்கு மட்டும் பொருந்தும். பெரிய பெட்டிக்குப் புது அட்டைதான் குத்த வேண்டும். மார்க்-அப் அப்படி இல்லை. ஒரே விவரம் சின்னத் திரையிலும் பெரிய திரையிலும் தன்னைப் பொருத்திக்கொள்ளும்படி எழுதலாம். அட்டை எதையும் திருப்பிக் கேட்காது. திரையோ விரல் பட்டால் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலைச் செய்ய இன்னும் புரோகிராம் வேண்டியிருக்கிறது. அதனால் மார்க்-அப் வந்துவிட்டது, இனி புரோகிராமிங் தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அட்டை வந்த பிறகும் பெட்டியைப் புரிந்தவர்தான் பழுதைச் சரி செய்தார்.

நமக்கு என்ன?

இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார் வருகிறது. ஒரகடத்தில் 2010 முதல் ரெனோ-நிசான் ஆலை, 2013 முதல் ராயல் என்ஃபீல்டு. நாம் எங்கே வேலைக்குப் போனாலும் ஒரு பேனல் முன்னால்தான் நிற்கப் போகிறோம். அதில் அலாரம் ஆங்கிலத்தில் வந்து, ஆபரேட்டர் அண்ணனுக்கு அது புரியாமல் போனால் என்ன ஆகும்? லைன் நிற்கலாம். விரலும் போகலாம்.

திரையின் விவரமும் அதில் வரும் சொற்களும் புரோகிராமிலிருந்து தனியாக எழுதப்பட்டிருந்தால், சொற்களின் கோப்பை மட்டும் தமிழில் எழுதிச் சேர்த்தால் திரையே தமிழ் பேசும். ஆண்ட்ராய்டில் தமிழுக்கென்று ஒரு தனி ஃபோல்டர் வைத்தால் போதும், போனின் மொழி தமிழாக இருந்தால் அது தானாக எடுத்துக்கொள்ளும். இயந்திரத்தை ஓட்டும் புரோகிராமைத் தொட வேண்டியதே இல்லை. தறியில் கை வைக்காமல் அட்டையை மட்டும் மாற்றுவது போலத்தான்!

இதைச் செய்ய வெளிநாட்டிலிருந்து எஞ்சினியர் வர வேண்டியதில்லை. நம்ம டிப்ளமோ போதும். ஆனால் அந்தக் கோப்பைத் திறந்து படிக்கிற பழக்கம் வேண்டும். பதின்மூன்று வயது வரை எழுத்தே தெரியாத ஒரு நெசவாளர் வீட்டுப் பையன், ஒரு சிறுவனின் கைக்குள் கிடந்த டிசைனை எல்லோரும் படிக்கக்கூடிய அட்டையாக்கினார். அந்த உரிமையும் பொதுவில் வந்தது. அதனால்தான் லியோனில் பிறந்த பெட்டி காஞ்சிபுரம் வரை வந்து சேர்ந்தது.

நண்பர்களே, அடுத்த செமஸ்டரில் இன்பிளான்ட் டிரெயினிங் போகும்போது இயந்திரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விடாதீர்கள். இந்தத் திரையின் விவரம் எந்தக் கோப்பில் இருக்கிறது, இதைத் தமிழில் மாற்ற முடியுமா என்று பொறுப்பில் இருக்கிறவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். முடியும் என்று அவர் சொன்னால், நான் எழுதித் தருகிறேன் சார் என்று அங்கேயே சொல்லிவிடுங்கள்.